கரையைக் குத்திப் பார்த்தவன்

கேளுங்கள். பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். கவலைப்படுகிறவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். எனக்குக் கவலையே கிடையாது என்று சொல்கிறவர்கள் யாராவது இருந்தால், பொய் சொன்ன வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்காருங்கள்.

நம்முடைய முப்பாட்டன்மாருக்கே பல் முளைக்காத காலம் அது. நெடுங்கரை என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு மேற்கே ஓர் ஏரி. ஏரிக்கு ஒரு மண்கரை. கரையின் மேல் ஒரு குடிசை. அந்தக் குடிசையில் கூத்தப்பன் என்று ஒரு கரைக்காவலன் இருந்தான். அவனுக்குச் சிலம்பாயி என்று ஒரு மனைவி இருந்தாள். பாவம் அவள்.

ஏன் பாவம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கூத்தப்பன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான். கவலைப்படுவான், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு காரியத்தை அவனைப் போல முழு மனசோடு செய்தவர்கள் இந்தப் பூமியில் யாரும் இல்லை. வானத்தில் மேகம் வந்தால், கரை உடைந்துவிடுமோ என்பான். மேகம் வராவிட்டால், ஏரி வற்றிவிடுமோ என்பான். மேகம் வந்தும் பெய்யாமல் நின்றால், இது என்ன புது மாதிரியாக இருக்கிறதே என்று வாசலுக்கும் வீட்டுக்குமாக நடப்பான்.

சோற்றில் கை வைத்த பிறகு கேட்பான்.

"சிலம்பு, அடுப்பை அணைச்சியா?"

"அணைச்சேன்."

"நல்லா அணைச்சியா?"

"நல்லா அணைச்சேன்."

"தண்ணி தெளிச்சு அணைச்சியா, சும்மா அணைச்சியா?"

கடைசியில் எச்சில் கையோடு எழுந்து போய் அவனே பார்த்துவிட்டு வருவான். வந்து உட்கார்ந்ததும் ஆட்டைக் கட்டினாயா என்பான். ஆட்டைப் பார்த்துவிட்டு வந்ததும் மதகு மூடியிருக்கிறதா என்பான். அதற்குள் சோறு ஆறிப்போயிருக்கும். ஆறின சோற்றைத் தின்றால் வயிற்றுக்கு ஆகுமா என்று அடுத்த கவலை வந்து நிற்கும். சிலம்பாயிக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஊர் முழுவதும் கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. கரை நின்றால் ஊர் நிற்கும். கரை போனால் நெல் போகும், வீடு போகும், தூளியில் தூங்குகிற பிள்ளையும் போகும். ஆகவே கரைக்காவலன் கவலைப்படுவது தப்பே இல்லை. சிலம்பாயியும் அதை மறுத்ததில்லை. "கொஞ்சம் கவலைப்படுய்யா, கொஞ்சம் சோறு தின்னுய்யா. ரெண்டையும் சேத்துச் செய்யாதே" என்றுதான் அவள் கேட்டாள்.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. முதலில் அவனை வைத்தியரிடம் அழைத்துப் போனாள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்து, பித்தம் என்றார். கசக்கக் கசக்க ஒரு கஷாயம் கொடுத்தார். கூத்தப்பன் குடித்து முடித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "சரியான வேரைத்தான் போட்டாரா? வைத்தியருக்கு இப்போ கண்ணு மங்கலாமே" என்று ஆரம்பித்தான். அன்று முழுக்க நாக்கை நீட்டி நீட்டி, கறுத்துவிட்டதா பார் என்று அவள் உயிரை வாங்கினான்.

பிறகு கோடாங்கியிடம் அழைத்துப் போனாள். கோடாங்கி உடுக்கை அடித்து, ஒரு கறுப்புக் கயிற்றை அவன் கையில் கட்டி, இது இருக்கிறவரை உன்னை ஒன்றும் அண்டாது என்றான். இது இருக்கிறவரை என்று ஏன் சொன்னான் அந்தப் படுபாவி? கயிறு நனைந்து அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று கூத்தப்பன் அன்றிலிருந்து ஒரு கையைத் தூக்கிக்கொண்டே குளித்தான்.

கடைசியாக ஆலமரத்தடியில் ஒரு முனிவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கால் வலிக்க நடந்து அங்கேயும் அழைத்துப் போனாள். இருவரும் காலில் விழுந்தார்கள். முனிவர் கண்ணைத் திறந்தார். "மகனே, கவலைப்படாதே" என்றார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

இதைச் சொல்ல ஒரு முனிவர் வேண்டுமா? சிலம்பாயி இதைத்தானே காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? திரும்பி வரும் வழியில் கூத்தப்பன் நின்றுவிட்டான்.

"சிலம்பு, சாமி கவலைப்படாதேன்னு சொல்லிட்டாரு. நான் படுறேனே. சாமி வாக்கை மீறினா பாவம் வந்துடாதா?"

சிலம்பாயி அந்த இடத்திலேயே, வண்டிப் பாதையின் நடுவில், தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கூத்தப்பன் கரைமேல் ஆட்டைக் கட்டுவதற்காக ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்தான். சாயங்காலம் அதைப் பிடுங்கினான். பிடுங்கிய கம்பியின் நுனியைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்த மண்தான் ஒட்டியிருந்தது. ஈரம் இல்லை.

அட, கரை உள்ளே காய்ந்துதான் இருக்கிறது! தண்ணீர் ஊறவில்லை! அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. அன்று அவன் எழுந்திருக்காமல் ஒரே மூச்சில் சோறு தின்றான். இன்னும் கொஞ்சம் போடு என்றுகூடக் கேட்டான். சிலம்பாயிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் அவளும் ஒரு தப்புச் செய்தாள். "ஏய்யா, அப்படியே தினம் ஒரு தடவை குத்திப் பாத்துட்டு வந்து நிம்மதியா உக்காரேன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் கொஞ்சம் அமைதி கிடைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு. நம் வீட்டிலும் இப்படி எத்தனை சொல்லியிருக்கிறோம்!

முதலில் தினம் ஒரு தடவைதான் குத்தினான். கம்பியை இறக்குவான், பிடுங்குவான், நுனியைத் தொடுவான், துளையின் வாயைக் காலால் மிதித்து மூடிவிட்டு வருவான். ஒரு கலயம் கூழ் குடிக்கிற நேரம் நிம்மதி இருக்கும். அப்புறம் மெல்லக் கேட்கும் உள்ளே: அந்த இடம் சரி, பக்கத்து இடம்?

பக்கத்து இடத்தைக் குத்தினான். அதுவும் சரி. அதற்கும் பக்கத்து இடம்? குத்தினான். காலையில் குத்தினபோது சரியாக இருந்தது, இப்போது எப்படி இருக்கிறதோ? மறுபடியும் குத்தினான். குத்தக் குத்த நிம்மதி குறுகிக்கொண்டே வந்தது. கூழ் குடிக்கிற நேரம் இருந்த நிம்மதி, தண்ணீர் குடிக்கிற நேரமாயிற்று. தண்ணீர் குடிக்கிற நேரம் இருந்தது, எச்சில் விழுங்குகிற நேரமாயிற்று. கோடை முழுவதும் குத்தினான். ஆடியில் குத்தினான். ஆவணியில் குத்தினான். என்ன செய்வது இந்த மனிதனை!

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஏரி மளமளவென்று நிறைந்து, தண்ணீர் கரையின் தோளைத் தொட்டது. கீழே சம்பாப் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. கூத்தப்பன் மழையில் நனைந்துகொண்டே கம்பியும் கையுமாகக் கரைமேல் அலைந்தான்.

ஒரு நாள் காலையில் மழை கொஞ்சம் விட்டது. சிலம்பாயி ஆட்டுக்குப் புல் அறுக்கக் கரையின் வெளிச்சரிவில் இறங்கினாள். இரண்டாவது எட்டு வைத்தாள். கால் கணுக்கால் வரை பொதக்கென்று உள்ளே போயிற்று.

குனிந்து பார்த்தாள். சரிவில் நூல் போலத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நாலடி தள்ளி இன்னொரு நூல். அதற்கும் அப்பால் இன்னொன்று, அது நூல் இல்லை, விரல் தடிமன். கரைமேல் ஏறி ஓடி வந்து, நின்று, முதல் தடவையாகக் கரையை நன்றாகப் பார்த்தாள்.

கரை முழுவதும் ஓட்டை. காலால் மூடிய வாயையெல்லாம் மழை கழுவித் திறந்துவிட்டிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இடியாப்ப அச்சு மாதிரி ஓட்டை. பெய்த மழையெல்லாம் அந்த ஓட்டைகள் வழியாக இறங்கி, கரையின் வயிற்றைக் குழைய வைத்துவிட்டது. கரை தானாக ஊறவில்லை. ஊறுகிறதா என்று பார்த்துப் பார்த்தே ஒருவன் அதை ஊற வைத்திருக்கிறான்.

"ஏய்யா!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழும்பின.

கூத்தப்பன் ஓடி வந்தான். ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்தான். அவன் முகம் எப்படி ஆனது தெரியுமா? மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது!

"பாத்தியா! நான் சொன்னேன்ல! கரை ஊறுது ஊறுதுன்னு சொன்னேன்ல! யாராவது கேட்டீங்களா?"

சொல்லிவிட்டு, எவ்வளவு ஆழம் ஊறியிருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கம்பியை ஓங்கினான்.

சிலம்பாயிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அவன் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கினாள். ஏரிக்குள் வீசி எறிந்தாள். அது ஒரு சத்தம் போட்டுவிட்டு ஆழத்துக்குப் போயிற்று.

"அடிப்பாவி! இனி எதை வெச்சுப் பார்ப்பேன்? கரை நிக்குமா, நிக்காதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ பாத்ததெல்லாம் போதும்! கண்ணைத் தொறந்து பாரு, ஒவ்வொண்ணும் நீ போட்ட ஓட்டை. ஊரையே சல்லடை மேல உக்கார வெச்சிருக்கே!"

குடிசை வாசலில் ஒரு பறை தொங்கியது. கரைக்கு ஆபத்து வந்தால் மட்டும் அடிக்கிற பறை அது. சிலம்பாயி ஓடிப் போய் அதை அடித்தாள். கீழே ஊரில் ஆட்கள் தலை தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. ஆனால் அவர்கள் மேலே வந்து சேர நேரம் ஆகும். அதுவரை தண்ணீர் காத்திருக்காது.

திரும்பி வந்தால், கூத்தப்பன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான். ஓட்டைகளைப் பார்க்கிறான், தன் கையைப் பார்க்கிறான், மறுபடியும் ஓட்டைகளைப் பார்க்கிறான்.

"சிலம்பு, நிக்குமா? கரை நிக்குமா, சொல்லு."

இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு அவள் ஒரே பதில்தான் சொல்லி வந்தாள்: ஒன்றும் ஆகாது, நிற்கும். அந்தப் பதிலும் கம்பி மாதிரிதான். சொன்ன மாத்திரத்தில் நிம்மதி, அடுத்த மூச்சில் மறுபடியும் கேள்வி. அன்று அவளிடம் அந்தப் பதில் இல்லை. சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்துவிட்டது அவளுக்கு.

"தெரியாது" என்றாள்.

கூத்தப்பன் திகைத்துப் போனான். "என்னது?"

"தெரியாதுய்யா! எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, அந்த முனிவருக்கும் தெரியாது. நிக்கலாம், போகலாம். இந்தா!" என்று குடிசை ஓரம் கிடந்த சாணிக் கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, காலிக் கூடையை அவன் மார்பில் வைத்து அழுத்தினாள். "பயமா இருக்கா? ஒரு கூடை களிமண் கொண்டு வந்து போடு. இன்னும் பயமா இருக்கா? இன்னொரு கூடை போடு. என்னைக் கேக்காதே. கூடையைத் தூக்கு!"

கூத்தப்பன் கூடையைத் தூக்கினான். வேறு என்ன செய்வான்? கரைக்குப் பின்னால் களிமண் மேடு ஒன்று இருந்தது. ஒரு கூடை வெட்டி வந்து, விரல் தடிமனுக்கு ஒழுகுகிற வாயில் கொட்டினான். சிலம்பாயி வைக்கோலைத் திணித்து மிதித்தாள். "போதுமா?" என்று வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு அடுத்த கூடைக்கு ஓடினான்.

அப்போது நடந்ததுதான் வேடிக்கை. ஊரிலேயே அவனைப் போலப் பயந்தவர்கள் யாரும் இல்லை அல்லவா? ஆகவே அவனைப் போல மண் சுமந்தவர்களும் யாரும் இல்லை. ஊர் ஆட்கள் மண்வெட்டியும் மண்ணை இடித்து இறுக்குகிற திமிசுக்கட்டையுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, பெரிய ஒழுகல் ஏற்கெனவே அடைபட்டிருந்தது. வந்தவர்கள் ஓட்டைகளில் களிமண்ணை இறக்கித் திமிசால் இடித்தார்கள். வந்தவர்கள் நடுநடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். கூத்தப்பன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பயம் வருகிறது, என்ன செய்வான்? பயம் வந்தால் எழுந்தான், எழுந்தால் மண் சுமந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் கடைசி நூலும் நின்றது.

ஊர்ப் பெரியநாட்டார் கரைமேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். திரும்பி வந்து கேட்டார்.

"இத்தனை ஓட்டை யார் போட்டது? எலியா, நண்டா?"

எலி என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கூத்தப்பன் பொய் சொல்லாதவன் என்று முன்னாலேயே சொன்னேனே.

"நான்தான் நாட்டாரய்யா. கரை நல்லா இருக்கான்னு பாத்தேன்" என்றான்.

கூட்டம் கொதித்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். இவனைக் கரையிலிருந்து இறக்க வேண்டும், ஊரைவிட்டே அனுப்ப வேண்டும் என்றார்கள். கொம்பையன் என்று ஒருவன் மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "காவலை எங்கிட்ட குடுங்கய்யா. எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்றான்.

பெரியநாட்டார் யோசித்தார். பிறகு சிலம்பாயியைப் பார்த்தார்.

"கூட இருந்து பாத்தவ நீதான். நீ சொல்லும்மா. இவன் இந்த வேலைக்கு ஆவானா, மாட்டானா?"

சிலம்பாயிக்கு மனசு ஒரு கணம் ஆடியது. ஆகமாட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தக் கரையும் வேண்டாம், இந்தக் கவலையும் வேண்டாம், தன் அண்ணன் ஊரில் போய் மேட்டு நிலத்தில் குடியிருக்கலாம். அவள் புருஷனைத் தேடினாள். எல்லோரும் அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்க, தீர்ப்பைக் கேட்கப் பயந்து, அவன் அந்தக் கோடியில் இன்னொரு கூடை மண் கொட்டிக்கொண்டிருந்தான். எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது, அதற்குக் கீழே எங்கேயோ அவன்மேல் பாசமும் இருந்தது.

"ஐயா, இந்த ஆளோட நான் படுற பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். காலையில நான் பறை அடிச்சேன். பயமே தெரியாத இந்தக் கொம்பையன் எப்போ வந்தான்னு கேளுங்க."

எல்லோரும் கொம்பையனைப் பார்த்தார்கள். அவன்தான் கடைசியாக வந்தவன். கொட்டாவி விட்டுக்கொண்டே வந்ததைப் பாதிப்பேர் பார்த்திருந்தார்கள். மீசை தானாகவே கீழே இறங்கியது.

"பயம் தெரியாத ஆளு இந்தக் கரைக்கு எதுக்குங்க? பயப்படுறவன்தான் வேணும். ஆனா அந்தப் பயம் கம்பியைத் தூக்கக் கூடாது, கூடையைத் தூக்கணும். அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் சிலம்பாயி.

பெரியநாட்டார் தீர்ப்புச் சொன்னார். கூத்தப்பனே காவலனாக இருக்கலாம். கரைமேல் இனி ஊசிகூட இறங்கக் கூடாது. அவனுக்குக் கவலை வருகிறபோதெல்லாம் ஒரு கூடை மண் கரையில் விழ வேண்டும். அந்த மண்ணை வெட்டிக் கொடுக்கிற வேலை, பயமே தெரியாத கொம்பையனுக்கு.

பாவம் கொம்பையன். அந்த வருஷம் அவனுக்குத் தூக்கமே இல்லாமல் போயிற்று.

கார்த்திகையில் பெரிய மழை பெய்தது. பக்கத்து ஊர்களில் இரண்டு ஏரிகள் உடைந்து பயிரெல்லாம் மண் மூடிப்போயிற்று. நெடுங்கரை ஏரியில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அறுவடைக்குப் பிறகு பக்கத்து நாட்டுத் தலைவன் ஒருவன் அந்தக் கரையைப் பார்க்க வந்தான். இரண்டு வண்டிகள் எதிரெதிரே போகிற அகலத்துக்குக் கரை இறுகிக் கிடந்தது. அவன் வியந்து போய், "எத்தனை பேரை வைத்து இதைக் கட்டினீர்கள்?" என்று கேட்டான்.

"ஒரே ஆளுதான்" என்றார் பெரியநாட்டார். "ரொம்பப் பயந்த ஆளு."

அந்தப் பேச்சு கூத்தப்பன் காதில் விழுந்தது. கவலை தீர்ந்துவிட்டதா அவனுக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். பேச்சைக் கேட்டதும் அவன் மெல்ல வந்து மனைவியின் காதில் சொன்னான்: "சிலம்பு, கரை ரொம்ப அகலமாயிடுச்சோ? அதனால ஏதாவது ஆயிடுமோ?"

சிலம்பாயி தலையில் ஓர் அடி அடித்துக்கொண்டு, கூடையை எடுத்து நீட்டினாள். அவனும் வாங்கிக்கொண்டு போனான்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: கவலை வந்தால் அதைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல், அந்த நேரத்தில் கையால் ஆகிற ஒரு சின்ன வேலையை எடுத்துச் செய்ய வேண்டும்.